மோக் மட்டன்

“லோரி நோ கம்மிங் சார், டயர் ஆல்ரெடி டை”
என்று சொன்னது நான்தான்.
பத்து மணித் தேநீரில் அதை
என் குரலிலேயே திருப்பிச் சொன்னவர்
சின்ன மேனேஜர் ரோஷன் தேவசகாயம்.
பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து ஆறு மாதம்.
மூக்கால் இழுக்கிற அந்த ‘சார்’கூட
அப்படியே என்னுடையது.

ஸ்டோர் மிஸ் சோங் மட்டும் சிரிக்கவில்லை.
“டோன்ட் மோக் ஹெர் லா” என்றாள்.

மோக்.
எனக்குத் தெரிந்த சொல்தான்.
கோல கெட்டில் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
சீனர் சைவக் கடையில்
புரட்டாசிச் சனிதோறும் நான் வாங்குவது
மோக் மட்டன்.
சோயாதான். நார் நாராகப் பிரியும்.
கறிவேப்பிலை போட்டு இறக்கினால்
வீட்டுக்காரர் எலும்பு தேடுவார்.
என் இங்கிலீசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மகளின் அகராதியில் பார்த்தேன்.
வினையாக வந்தால் கேலி.
இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் போலி.
முதல் எழுத்துதான் மாறியிருக்கிறது.
நாமும் இதை அடுப்படியில்தான் செய்கிறோம்:
கிண்டுகிறோம், நக்குகிறோம்,
வறுத்தெடுக்கிறோம்.
அவர்கள் கறியையே வைத்துவிட்டார்கள்.

நவம்பரில் ஆலையில் மோக் டிரில்.
தீ கிடையாது, சைரன் மட்டும் நிஜம்.
காயம்பட்டவர் பட்டியலில் என் பெயர்.
நெற்றியில் ரோஸ் சிராப் ஊற்றி
செம்பனைக் குலை நிறுக்கிற மேடையோரம்
படுக்க வைத்தார்கள்.
எறும்பு வந்தது.
தலைக்கு மேலே ரோஷன்,
பொம்பாவுக்கு வாக்கி டாக்கியில்,
இன்டர்நேஷனல் ஸ்கூல் மலாயில்:
“துவான், சினி... அடா அப்பி,
தாப்பி அப்பி திப்பு.”
இங்கே நெருப்பு இருக்கிறது ஐயா,
ஆனால் ஏமாற்றுகிற நெருப்பு.
அந்தப் பக்கம் சிரித்தது
ஆலை முழுக்கக் கேட்டது.
சாயங்காலத்துக்குள்
லோரி ஓட்டுகிறவர்கள், கேட் ஜாகா, பிள்ளைக் காப்பகத்து ஆயாவரை
அப்பி திப்பு, அப்பி திப்பு.

குளியலறையில் சிராப்பைக் கழுவிக்கொண்டே
நானும் சொல்லிப் பார்த்தேன்.
முதல் தடவை சரியில்லை.
‘அடா’வுக்கு முன்னால் ஒரு சின்ன விக்கல் இருக்கிறது.
அது பயம்.
அதைப் பிடித்ததும்
அச்சாக அவர் குரல்.
திடுக்கிட்டுக் குழாயை மூடினேன்.

இவ்வளவு கவனித்தால்தான் வருமா?
அப்படியானால் என் செத்துப்போன டயரை
அவர் எத்தனை தடவை,
காரிலா, கண்ணாடி முன்னாலா,
தனியாக...

இருபத்தொரு வருட வேலையில்
இத்தனை கூர்ந்து
யாரும் என்னைக் கேட்டதில்லை.

மறுநாள் தேநீருக்கு அவர் வரவில்லை.
சொல்லுக்கா, நீ சொல்லு, என்றார்கள்.
எனக்கு வராதுப்பா என்றேன்.
நெற்றியோரம் முடி
இன்னும் பிசுபிசுத்தது.