ஆறாம் கோடு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
எண்பது ரூபாய்க்கு விற்றார்கள்.
"நல்ல தண்ணி மீன்தான்" என்றார் ரியாஸ்,
பாலிதீன் பையை முடிச்சிட்டபடி.
பச்சை முதுகில் கரும்புள்ளி,
நெல்லிக்காய் அளவு உடம்பு,
தனித்தனியாகத் திரும்பும் இரண்டு கண்.
பஸ்ஸில் என் மடியில் இருந்தபடி
தேவகோட்டை வரை என்னையே கணக்கெடுத்தது.

எட்டாம் நாள் அதன் வயிறு
அடிப்பிடித்த பாத்திரமாய்க் கறுத்திருந்தது.
விசாரித்ததில் தெரிந்தது:
பெயர் பேத்தை.
ஆறு கடலைத் தொடுகிற சேற்றில் பிறந்தது.
ஊரே மெச்சும் இனிப்புத் தண்ணீரில்
தினம் கொஞ்சம் தேய்ந்துகொண்டிருந்தது.

கடலும் இப்போதைக்கு ஆகாது,
குடிக்கிற தண்ணீரும் ஆகாது.
இடையில் ஒன்று வேண்டும்.
அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது, சவர்.
புதிதாகப் போர் போட்ட வீட்டைப் பார்த்து
"ஐயோ, சவராப் போச்சே" என்போம்.
வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொண்டிக்குப் போனேன்,
சொசைட்டியின் எவர்சில்வர் கேன் ஒன்றோடு.
முழங்கால் வரை நடந்து மொண்டேன்.
திரும்பும்போது கண்டக்டர்
கேனுக்கு லக்கேஜ் போட்டார்.
"தொண்டியிலேருந்தா பால் வருது?"
"பால் இல்லண்ணே. கடல்."
மூடியைத் திறந்து முகர்ந்தார்.
மீதிச் சில்லறை தராமலே போய்விட்டார்.

உப்பை அளக்க ஒரு கருவி வாங்கச் சொன்னார்கள்.
என் மேசையில் பதினோரு வருடமாய் நிற்கிறது அது.
பாலில் தண்ணீரைப் பிடிக்கிற கண்ணாடிக் குழல்
தண்ணீரில் கடலைப் பிடிக்காதா?
வெறும் தண்ணீரில் பூஜ்யம் வரை முங்கியது.
தொண்டிக் கடலில்
இருபத்தைந்தில் மிதந்தது.
துடைத்து மறுபடி விட்டேன். இருபத்தைந்து.
பசும்பாலுக்கு மூன்று கோடு குறைவு, அவ்வளவுதான்.
பாற்கடல் என்று எவனோ சொன்னது
அளந்து பார்த்துத்தான் போலிருக்கிறது.
சொசைட்டிக்கு வந்திருந்தால் கடலை நான்
'தண்ணி கலந்தது' என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

எனக்கு வேண்டியது ஆறாம் கோடு.
ஒரே நாளில் ஏற்றக்கூடாது.
ராத்திரி ஒரு தம்ளர் எடுத்து ஒரு தம்ளர் ஊற்றினேன்.
கிளிஞ்சலைக் கழுவிப் பரப்பினேன்.
ஊருணிப் படியில் நத்தை பொறுக்கினேன்;
ஓட்டைக் கடித்தால்தான் அதன் பல் தேயுமாம்.
கரண்ட் கட், போனஸ் பட்டுவாடா, மாதக் கணக்கு,
பத்து நாள் மூன்றிலேயே நின்றது கோடு.
தொட்டி சொட்டிய இடத்தில், ஆத்தங்குடிக் கல்லில்,
வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது.
வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால்.
மலையரசன் பால்.
இருபத்தெட்டு. சரியாக இருபத்தெட்டு.
எழுதப் போன கை நின்றது.
கேன் ஓரத்தில் பால் நீலமோடித் தெரிந்தது.
விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
தெரியும் எனக்கு இந்த ருசி.
ராத்திரி பத்தரைக்கு வாளிமேல் குனிந்து
நான் செய்ததைத்தான்
விடியக்காலையில் அவர் செய்திருக்கிறார்:
தண்ணீர் இறக்கிய கோட்டை
உப்பு போட்டு ஏற்றியிருக்கிறார்.
பதினோரு வருடத்தில் எத்தனை இருபத்தெட்டு
எழுதியிருப்பேன், நாக்கைக் கேட்காமல்.

"அண்ணே, இதுல பேத்தை விடலாம்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
பிறகு புரிந்தது.
கேனைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் வரை போனவர்
திரும்பாமலே சொன்னார்:
"மாடு வத்தி வருதும்மா."
நோட்டில் அவர் பெயருக்கு நேராக
லிட்டரும் எழுதவில்லை, காரணமும் எழுதவில்லை.

இன்று கோடு ஆறு.
பேத்தையின் வயிறு வெளுத்துவிட்டது,
கறந்த பால் மாதிரி என்று சொல்ல வந்தேன்,
வேண்டாம், முட்டைத் தோடு மாதிரி.
நத்தை உடைகிற சத்தம்
அடுப்படி வரை கேட்கிறது.
லேக்டோமீட்டரை நல்ல தண்ணீரில்
மூன்று தடவை அலசி
துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.
விடிந்தால் அது பாலுக்குப் போக வேண்டும்.