பன்னிரண்டு வோல்ட்

நாக்பூரில் இருபத்திரண்டு நாள்
ஒரு பஞ்சாலையின் கணக்கைத் தோண்டிவிட்டு
முலுண்டுக்குத் திரும்பிய மறுநாள்
விடியாத ஐந்தேகாலுக்குக் கதவு மணி.
தாம்லே.
மேல்தட்டில் அவர் கார், கீழ்த்தட்டில் என்னுடையது.
என்னுடையது வெளியே வந்தால்தான்
அவருடையது தரையைத் தொடும்.
"பன்வேல். பத்திரப்பதிவு" என்றார்.
மூன்று மாதமாகப் பேச்சு இல்லை எங்களுக்குள்.
இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

சாவியை அழுத்தினேன்.
கார் கண் சிமிட்டவில்லை.
நெருங்கிப் போய், கதவோடு ஒட்டி நின்று இன்னொரு முறை.
ம்ஹூம்.

சாவிக்குள் ஒரு சாவி இருக்கிறது,
வெறும் தகடு. ஐந்து வருடத்தில் தொட்டதில்லை.
அது கதவைத் திறந்தது, கதவை மட்டும்.
டிக்கி மின்சாரம் கேட்கிறது.
ஜம்பர் கேபிள் டிக்கிக்குள்.
பின்சீட்டை மடித்து
நைட்டிக்கு மேல் துப்பட்டாவோடு
நான் தவழ்ந்து போனதை
பி விங் முழுக்கப் பார்த்திருக்கும்.

தள்ளலாம் மேடம், என்றார் வாட்ச்மேன் ராம்சுரத்.
தள்ள முடியாது. கியர் பூட்டில் இருக்கிறது.
பூட்டைத் திறக்கவும் அந்த மின்சாரமேதான்.
இவ்வளவு பெரிய பேட்டரி வண்டி,
இதில் இல்லாத கரண்டா?
இருக்கிறது.
பின்னிருக்கைக்கு அடியில் இருநூறு வோல்ட்
முழு வயிற்றோடு படுத்திருக்கிறது.
எழுப்ப வேண்டியது ஓரத்தில் கிடக்கும் பன்னிரண்டு.
சாமி வரம் கொடுக்கத் தயார்.
பூசாரிதான் மயங்கிக் கிடக்கிறார்.

இதை இந்தியில் எப்படிச் சொல்வது?
"சோட்டா பேட்டரி டெட்" என்றேன்.

தாம்லே தன் காரை அண்ணாந்து பார்த்தார்.
நல்ல பேட்டரி, போன மாதம் மாற்றியது,
ஒன்பதடி உயரத்தில்.
கேபிள் ஆறடி.

கடைசியில் பால்காரர் ஹரிலால்தான்
பாக்கெட் கூடையை இறக்கி வைத்துவிட்டு
பைக்கின் பக்க மூடியைக் கழற்றினார்.
உள்ளே செங்கல் அளவில் ஒன்று.
போதும், எழுப்புவதற்குக் கொஞ்சம்தான் வேண்டும்.
ஃப்யூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே சிவப்பு.
கறுப்பு, பெயிண்ட் படாத ஒரு நட்டில்.
தாம்லே டார்ச் பிடித்தார்.
நடுங்கியது டார்ச் இல்லை.

எங்கோ ஒரு ரிலே நாக்கைச் சொடுக்கியது.
திரையில் பச்சையாய்: ரெடி.
நால்வரும் உறுமலுக்குக் காத்து நின்றோம்.
அது வரவே இல்லை.
"சாலூ ஜாலா?" என்று தாம்லே சந்தேகப்பட்டபோது
வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மணி நேரமாவது அணைக்கக் கூடாது.
ஐரோலி பாலம் வரை போய் வந்து, ஓரமாய் நிறுத்தி
திருடனைத் தேடினேன். ஆடிட்டர் புத்தி:
ஒழுகல் பெரிதாக இருக்காது,
நிற்காமல் இருக்கும்.
முன் கண்ணாடியில் காமிரா.
நிறுத்திய காரையும் காவல் காக்கட்டும் என்று
நானே ஃப்யூஸில் இணைத்தது.
அசைவு கண்டால் விழிக்கும், மற்ற நேரம் அரைத்தூக்கம்.
அரைத்தூக்கத்துக்கும் சாப்பாடு உண்டு.
ஒன்பது நாள் சுவரைக் காவல் காத்தே
பூசாரியைத் தின்றுவிட்டது.

கார்டைப் போனில் செருகினேன்.
பூனை. பூனை. ராம்சுரத்தின் துடைப்பம்.
பூனை.
ஏழாம் நாள் இரவு, பதினொன்று ஐம்பத்திரண்டு.
தாம்லே, பனியனோடு.
மேலே தன் காரின் வயிற்றைப் பார்க்கிறார்.
கீழே என் பானெட்டைப் பார்க்கிறார்.
நான்கு சொட்டு எண்ணெய்.
ஒவ்வொன்றாய், பரவிவிடாமல்,
விளிம்பிலிருந்து நடுவுக்குத் துடைக்கிறார்.
துணியை மடித்து, மடித்த பக்கத்தால் மறுபடியும்.
ஒரு தடவை நேராக என்னைப் பார்க்கிறார்,
காமிரா தூங்குகிறது என்று நினைத்திருப்பார்.

சொசைட்டிக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களில்
'அலட்சியம்' எத்தனை இடத்தில் வருகிறது
என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

காமிராவின் வயரை உருவிவிட்டேன்.
மாலையில் அவர் கார் மேலே ஏறியதும்
என்னுடையது உள்ளே.
பத்திரம் ஆச்சா, என்று கேட்டேன்.
"சர்வர் டவுன்" என்றார் தாம்லே.
அதுவும் இரண்டு சொல்தான்.
இருவருமே கிளம்பவில்லை.
பானெட்டில் டப்பென்று ஒன்று விழுந்தது.