ஒன்றே முக்கால் டாலர்

டெக்சாஸ், நவம்பர் 1964

என் மேஜைமேல் இரண்டு கட்டுகள்.
வரி கட்டியவர்க்கு நீளச் சீட்டு,
கட்டாதவர்க்குக் குட்டை.
இருபத்து நான்காம் திருத்தம் வந்தபின்
முதல் நவம்பர்.

அவள் பெயர் லுவீனியா டாரன்ட்.
சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள்.
மணிக்கட்டில் பழைய சூடு, படகு வடிவில்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச்
சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

வேண்டாம் என்றேன்.
அதிபருக்கு வாக்களிக்க இனிமேல் காசில்லை.
எண்ணிய விரல் நாற்பது சென்ட்டில் நின்றது.
ஏமாற்றுகிறேனா என்று
என் முகத்தில் தேடினாள்.

பிறகு சீட்டைப் பிரித்தாள்,
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.
"ஷெரீஃப் எங்கே?"

அது மாநிலத்தின் கணக்கு.
அதற்கு வரி உண்டு,
கெடு ஜனவரியோடு போயிற்று.

"வாஷிங்டன்காரரை
நான் கண்ணால் கண்டதில்லை.
ஷெரீஃபுக்குக் காலர் பதினாறரை.
இடது கைப் பொத்தான் நிற்கவே நிற்காது.
வியாழன்தோறும் நான்தான் கஞ்சி போடுகிறேன்.
என் தம்பியை இழுத்துப்போன அன்று
அவர் போட்டிருந்ததும்
நான் தேய்த்த சட்டை."

என்னிடம் சுற்றறிக்கை இருந்தது.
பதில் இருக்கவில்லை.

திரைக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள்,
ஒரே ஒரு கோடு போட.

வெளியே வந்து கேட்டாள்:
"அடுத்த வருஷத்து வரி எங்கே வாங்குகிறார்கள்?"
மாடியில், என்றேன், இடதுபக்கம்.

சில்லறை குலுங்கப் படியேறினாள்.
கீழே வாசலில் ஷெரீஃப்
யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார்,
காலர் கத்திபோல் நின்றது.