இல்லை கடைசியில் வரும்

லூகோவில் நாங்கள் மழை நாள்களை எண்ணுவதில்லை.
மழையில்லாதவற்றைத்தான்.
அப்படி எண்ணாமல் விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
ஒரு திரையில் மருத்துவர்,
ஒரு திரையில் ரொசேந்தோ,
நடுவில் நான்.
காது கேளாத வெல்டருக்கும்
கைமொழி தெரியாத மருத்துவருக்கும்
மணிக்கூலிக்கு ஒரு பாலம்.

நல்ல செய்திதான் சொன்னார் மருத்துவர்.
எங்கள் ஊர்ப் பேச்சில்
'இல்லை' முந்திக்கொண்டு ஓடிவரும்.
கைமொழியில் அது கடைசியில்.
'புற்று' என்றேன் விரல்களால்.
'இல்லை' என்று கையசைத்தேன்.

அது போய்ச் சேரவில்லை.

பதினோரு நொடி
வீகோவில் ஒரு சமையலறையில்
என் கை அந்தரத்தில் நின்றது
முதல் சொல்லை மட்டும் ஏந்திக்கொண்டு.
அவர் படம் உறையவே இல்லை, அதுதான் கொடுமை.
வருவதெல்லாம் வந்துகொண்டிருந்தது.
போவதுதான் போகவில்லை.
பதினோரு நொடியில் ஒரு மனிதர்
எவ்வளவு தூரம் போய்வருவார் என்பதை
முழுத் தெளிவில், துளி மங்கலின்றிப் பார்த்தேன்.

மறுநாள் மூன்று நிறுவனத்தின் தாள்களை மேசையில் பரப்பினேன்.
மூன்றிலும் கொட்டை எழுத்தில் ஆயிரம்.
அத்தனையும் என்னிடம் வந்து கொட்டும் வேகம்.
நான் அனுப்பும் வேகம் எவ்வளவு?
கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன்.
அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், எறும்பு வரிசையில், நூறு;
அதுவும் 'வரை'.
"எத்தனை படம் பார்ப்பீர்கள், அம்மணி?"
தொலைபேசியில் கேட்டான் விற்கிற பையன்.
நான் பார்க்கிறவள் அல்ல, தம்பி,
பார்க்கப்படுகிறவள் என்றேன்.
அவன் கொஞ்சம் பயந்துவிட்டான் போல.
கடைசியில் போக முந்நூறு வர முந்நூறு எடுத்தேன்.
ஆயிரத்தை விட்டு முந்நூறா என்று
அண்டை வீட்டு உக்ஸீயா இன்றும் சிரிக்கிறாள்.

ஃபைபர் இழுக்க வந்த பிராய்ஸ்
மயிரிழையளவு கண்ணாடியைக் காட்டி,
"இது எதையும் தாங்கும், முழங்கை மடிப்பைத் தவிர" என்றான்.
சன்னல் மூலையில் அதை
வட்ட ரொட்டியைச் சுற்றுவதுபோல் வளைத்துவிட்டான்.
ரௌட்டரை எங்கே வைப்பது?
முன்பு குடியிருந்தவர்கள் அதை அலமாரிக்குள்
மேசைவிரிப்புகளுக்குப் பின்னால் ஒளித்திருந்தார்களாம்,
அசிங்கமாய் இருக்கிறதென்று.
இந்த வீட்டுச் சுவரோ எழுபது சென்டிமீட்டர் கருங்கல்.
கொள்ளைக்காரனுக்காகக் கட்டியது
வைஃபையையும் உள்ளே விடாது.
சுவரோடு சண்டை வேண்டாமென்று
கதவடியில் ஒரு தட்டைக் கம்பியை ஓட்டி
நேரே கணினியில் சொருகினேன்.
பூனை இருமுறை கடித்தது. மூன்றாம் கம்பிக்கு உறை போட்டேன்.

அப்புறமும் ஒரு மாலை விரல்கள் திக்கின.
மாடியில் இயாகோ தன் விளையாட்டுக் காணொளிகளை
மேலே ஏற்றிக்கொண்டிருந்தான்;
என் சொற்கள் அவற்றின் பின்னால்
வரிசையில் நின்றுகொண்டிருந்தன.
மகனைத் திட்டவில்லை. (திட்டினேன். பிறகுதான் யோசித்தேன்.)
ரௌட்டரின் அமைப்புகளைத் திறந்து
பத்தில் ஒன்பதுக்கு மேல் நிரம்பக் கூடாதென்று
ஒரு கோடு கிழித்தேன்.
நிறைந்த குழாயில் அவசரத்துக்கு இடமில்லை.
கொஞ்சம் காலியாய் விட்ட பிறகுதான்
கைகள் கைகளாயின.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு ரொசேந்தோ வந்தார்.
மருத்துவர் இன்னும் இணையவில்லை.
'உன்மேல் கோபம்' என்றது அவர் கை;
அப்படியே நின்றது.
கண் இமைக்கவில்லை.
ரௌட்டரைப் பார்த்தேன், எல்லா விளக்கும் பச்சை.
கம்பியை அழுத்தினேன்.
பூனையைத் தேடினேன்.
அப்போதுதான் கண்டேன், அவர் தோளுக்குப் பின்னால்
காப்பிப் பாத்திரத்தின் ஆவி
அசைந்துகொண்டிருந்தது.
எட்டு, ஒன்பது, பத்து,
எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டுமல்ல.
பதினொன்றில்,
மீசைக்கடியில் சிரிப்பை அடக்கமுடியாமல்,
கையசைத்தார்:
இல்லை.