மூன்றாம் நீளம்

தார்த்து நகரத்தில் பிப்ரவரி.
சுவரெல்லாம் பஞ்சு அடைத்த அறைக்குள்
ஸினாயிதா ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது வருஷ இரைச்சல் கேட்டவளுக்கு
தன் ரத்தம் ஓடுவது
இன்றுதான் காதில் விழுகிறது.

கண்ணாடிக்கு அப்பால் மாரிகா விரல் உயர்த்துகிறாள்.
ஓர் ஒலி. இன்னோர் ஒலி. மூன்றாவது
முன் இரண்டில் எது?
இடது பொத்தான், வலது பொத்தான்.

லின. லின்ன.
இது சுலபம்.
லின என்றால் விரிப்பு, தினம் முந்நூறு துவைக்கிறாள்.
லின்ன என்றால் நகரத்தின்.

பிறகு
லின்ன. லின்ன்ன.
நகரத்தின். நகரத்துக்குள்.
அவர்கள் தாளிலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.
நாம் ஒற்றளபெடை என்று
செய்யுளுக்குள் பூட்டி வைத்திருப்பதை
இந்த ஊரில்
பஸ் நிறுத்தத்தில் செலவழிக்கிறார்கள்.

அவளுடையது எல்லை ஆற்றங்கரையில்
நார்வாவில், ருஷ்ய மொழியில் பிறந்த காது.
இடது என்கிறாள். வலது என்கிறாள்.
காசு சுண்டிப் போட்டிருந்தாலும்
இதே மதிப்பெண்தான் வந்திருக்கும்.

அப்படியானால் இத்தனை வருஷமும்
டிரைவரிடம்
"நகரத்தின்", "நகரத்தின்" என்றா
சொல்லி ஏறியிருக்கிறேன்?
நகரத்தின் என்ன என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

தேநீர் வேளையில் மாரிகா சொல்கிறாள்:
அந்த 'ன்' ஏழு படியாக நீள்கிறது,
எனக்கும் ஏழு கேட்பதில்லை.
நாலாம் படியில் ஒரு கதவு,
அதுவரைக்கும் எல்லாம் 'இன்',
தாண்டினால் எல்லாம் 'உள்ளே'.
இரண்டாம் படியும் மூன்றாம் படியும் வேறு என்று
கணினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸினாயிதா கோப்பையைக் கீழே வைக்கிறாள்.
"கஸா. கஸா.
ஒன்று பின்னல். ஒன்று வெள்ளாடு.
இப்போது சொன்னது எது?
கஸா."
மாரிகா உதட்டைப் பார்க்கிறாள். இன்னொரு தரம் என்கிறாள்.
பின்னல்?
இல்லை.
இப்போது?
ஆடு... இல்லை, பின்னல்.
சிரிப்பில் தேநீர் மேசையில் சிந்துகிறது.

சோப்பில் வெடித்த கை
மாரிகாவின் கையைப் பிடித்துத்
தன் தொண்டையில் வைக்கிறது.
பின்னலுக்கு அது சற்றே ஓய்கிறது.
ஆட்டுக்கு
விடாமல் அதிர்கிறது,
சட்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி.
காது தவறவிட்டதை
விரல் கேட்டுவிட்டது.

இதை எழுதுகிற எனக்கும்
கஸா, கஸா என்றுதான் விழுகிறது.
அந்த அதிர்வுக்கு
என் இருநூற்று நாற்பத்தேழிலும் இடமில்லை,
கடன் வாங்கிய ஸ-விலும் இல்லை.
ஆடு வருகிற இடத்தில்
உங்கள் தொண்டையை
நீங்களே தொட்டுக்கொள்ளுங்கள்.