ஏப்ரலிலும் மைனஸ் முப்பது

இர்த்திஷ் ஆற்றில் பனி உடைந்து
நாலு நாளாயிற்று.
ஓஸ்கெமென் தெருவெல்லாம் சேறு.
என் வண்டி மட்டும்
வெளியே மைனஸ் முப்பது என்கிறது.
ஆட்டோ பொத்தானின் பச்சை விளக்கு
விக்கல் எடுத்ததுபோல் விட்டுவிட்டு மினுக்குகிறது.
துவாரங்களில் அடுப்புச் சூடு.
பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி
வெந்துபோகுமோ என்று
நாலு ஜன்னலையும் இறக்கிக்கொண்டு ஓட்டினேன்
குதிரைப் பண்ணை வரைக்கும்.
குதிரைக்காரர்கள் என் தலைமயிரைப் பார்த்தார்கள்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரியிலும் இதே எண்தான்.
அப்போது வெளியே அத்தனை குளிர் இருந்தது,
கெட்டிக்கார வண்டி என்று
அதன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ரோதியோன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
கார் தெரியாது.
பொத்தான் தெரியும்.
"ஆட்டோவையும் உள்சுழற்சியையும்
சேர்த்து அமுக்கு.
விடாதே. சாவியைத் திருப்பு."
ஜப்பானிலிருந்து வந்த வண்டி,
எங்கள் நாட்டுச் சாலைக்கு மாறாக
ஸ்டியரிங் வலப்பக்கம்.
கை பின்னிக்கொண்டது.
அவன் என் முழங்கால் மேலாக எட்டித் திருப்பினான்.

பலகையில் இருந்த விளக்கெல்லாம்
ஒன்றாகக் கண் சிமிட்டின,
நாலு தடவை.
ஒரு கீச்.
பிறகு எண்கள்.
பன்னிரண்டு.
இருபத்தொன்று.
மறுபடி பன்னிரண்டு.

கையேட்டின் எழுத்து எங்கள் இருவருக்கும் புரியாது.
எண் புரியும், படம் புரியும்.
இருபத்தொன்றுக்கு எதிரே ஒரு சூரியன்.
வெயிலை அளக்கும் கண் போச்சு, என்றேன்.
எத்தனை டெங்கே ஆகும் என்று
மனம் சம்பளத்தைக் கழிக்கத் தொடங்கியிருந்தது.
ரோதியோன் சிரித்தான்.
"கதவு சாத்திய கொட்டகை, ஒற்றை பல்பு.
வெயில் இல்லை என்கிறது.
இல்லைதானே?"
டாஷ்போர்டின் கறுப்புப் பொட்டுக்கு நேரே
டார்ச்சைப் பிடித்தான்.
இருபத்தொன்று போனது.
எடுத்தான், வந்தது.
பிடித்தான், போனது.
என்னிடம் கொடு என்று பிடுங்கி
நானும் ஏழெட்டு முறை
சூரியனை உதிக்க வைத்தேன்.

பன்னிரண்டு அசையவில்லை.

அதற்கான படத்தில் வண்டியின் மூக்கு,
கிரில்லுக்குப் பின்னே ஓர் அம்பு.
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
மல்லாந்து உள்ளே போனேன்.
கன்று திரும்பிக்கிடக்கும் பசுவுக்கு
இதைவிட மோசமாகப் படுத்திருக்கிறேன்.
பம்பர் நேராக இருந்தது.
பதினெட்டு வயது வண்டிக்கு
அத்தனை நேர் ஆகாது.
நாலு கிளிப்பும் புதுசு.
உள்ளே தாங்கி முறிந்து, வயர் அறுந்து,
வெளிக்காற்றை அளக்க வேண்டிய சின்னக் குமிழ்
எதையும் அளக்காமல் தொங்கியது.
பக்கத்தில் நகத்தளவு நீலப் பெயிண்ட்.

மருந்துக்கடை வாசல் கம்பம் நீலம்.
மருந்துக்கடையில் என் தங்கை மக்பால்.
டிசம்பர் கடைசி வாரம்
வண்டி அவளிடம் இருந்தது.
திருப்பித் தரும்போது கழுவித் தந்தாள்.
டாங்க் நிறைய பெட்ரோல்.
பிறந்ததிலிருந்து அவள் செய்யாத இரண்டு காரியம்.
எனக்குள் அன்றே
ஏதாவது ஒரு விளக்கு எரிந்திருக்க வேண்டும்.

ரோதியோன் வயரை உரித்தான்,
முறுக்கினான், ஈயம் வைத்தான்.
புகை மூக்கில் ஏறி இருவரும் தும்மினோம்.
பச்சை விளக்கு விக்கலை நிறுத்தியது.
ஆனால் எண் உடனே ஏறவில்லை.
மைனஸ் முப்பதிலிருந்து
ஒவ்வொரு டிகிரியாக,
யாரோ சொல்வதை நம்பலாமா என்று யோசிப்பதுபோல்.

கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு
மக்பாலுக்கு போன் போட்டேன்.
அவள் கடையில் கூட்டம்,
இருமல் சத்தம், சில்லறைச் சத்தம்.
"வண்டியில் பன்னிரண்டு வருகிறது" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.

யாருக்கோ மீதி எண்ணிக்கொடுத்தாள்.
பிறகு, மெதுவாக,
"பம்பரா?"

திரையில் அப்போது மைனஸ் பதினொன்று.