பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்

பம்பலப்பிட்டியில் ஷட்டரை இறக்கிய பிறகு
விலைகளை மாற்றுவது என் வேலை.
கையில் ஒரு துப்பாக்கி. பயப்பட வேண்டாம்,
சுடுவது ஸ்டிக்கர்தான்:
டக், டக், டக்.
நாளைக்கு இந்த நகரம்
எதைப் பார்த்து முகம் சுளிக்கும் என்று
இன்றைக்கே தெரிந்தவர்கள்
நாங்கள் ஆறு பேர்.

பழையதை உரிக்க நேரம் தரமாட்டார்கள்.
மேலேயே ஒட்டு என்பார் ரொஷான் சேர்.
விற்காத சாமான்களில்
விலை தடித்துப்போய்க் கிடக்கும்.
ஒருமுறை சோயா சோஸ் போத்தலில்
நகத்தால் கிளறிப் பார்த்தேன்:
ஐந்து தோல்.
அடித்தோலில் இருந்தது
நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்து விலை.
சம்பளத்தை ஒருமுறைதான் கூட்டினார்கள்,
அதுவும் சாப்பாட்டுக் காசை நிறுத்திவிட்டு.

அறை ஹம்டன் லேனில்.
ப்ளைவுட் பலகைக்கு இந்தப் பக்கம்
நானும் நிரஞ்சலாவும்.
அந்தப் பக்கம் இன்னும் இருவர்;
அவர்களின் இருமல் நாலு பேருக்கும் பொது.
வீட்டுக்கார அன்ரி நல்லவ.
அயர்ன் போட்டால் நூறு ரூபா,
ஆள் வந்து தங்கினால் ஐந்நூறு,
அழுதால் இனாம்.

மாசக் கடைசியில் நாங்கள்
பிளேன்டீக்குப் போய்விடுவோம்.
பால் உடம்புக்குக் கூடாதாம் என்பாள் நிரஞ்சலா.
யார் சொன்னது?
இருபதாம் திகதி சொன்னது.

போன செவ்வாய் இரவு
பால்மாவுக்குப் புது விலை வந்தது.
கம்ப்யூட்டரில் மாறுவது பன்னிரண்டு மணிக்கு.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ரொஷான் சேர்
சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று
பின்கதவால் வெளியே போனார்.
அவர் சிகரெட்டை விட்டு இரண்டு வருடம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டு
ஆளுக்கொரு பைக்கற்றோடு
மூன்றாம் கவுண்டரில் வரிசையாக நின்றோம்.
பஸ்லியா பில் போட்டாள்.
எனக்கு முன்னால்
காவலுக்கு நிற்கிற மரியசீலன் அண்ணை.
மூன்று வயதில் பேத்தி.
அவரிடம் இருந்ததெல்லாம்
இருபதுகள், பத்துகள், குத்திகள்.
எண்ணினார். பிழைத்தது.
திரும்ப எண்ணினார்.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்
என்று எழுத ஆசைதான்.
"கெதியா அண்ணை" என்றேன்.
அதனால் மூன்றாம் முறையும் பிழைத்தது.

என் முறை வந்தபோது
திரையில் எண் ஒருதடவை சிமிட்டியது.
எண்பது ரூபா.
பஸ்லியா என்னைப் பார்த்தாள்.
நான் பைக்கற்றைப் பார்த்தேன்.
கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்து
அதற்கும் ஒரு டக்.

சேர் உள்ளே வந்தார்.
அவரில் புகை மணக்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு நூறாம் நம்பர் பஸ்.
பக்கத்து சீற்றில் டியூஷனுக்குப் போகும் பொடியன்
என் முழங்கையை உற்றுப் பார்த்து
சத்தமாக வாசித்தான்:
"அக்கா, ஆயிரத்து இருநூற்று நாற்பது."
எப்போது ஒட்டிக்கொண்டதோ.
உரித்தேன், மயிரையும் இழுத்துக்கொண்டு வந்தது.
ஒரு நாளைக்கா என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
கிட்டத்தட்ட சரி என்றிருப்பேன்.

மார்க்கெற்றடிக்கு முப்பத்தைந்து.
நாற்பது கொடுத்தேன்.
மிச்ச ஐந்தை இந்தப் பாதையில்
யாரும் தருவதில்லை,
நானும் இத்தனை வருடம் கேட்டதில்லை.
கொண்டக்டர் பின்சீற்றுப் பக்கம் போய்விட்டான்.
கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய்
தோளில் தட்டினேன்.
"அஞ்சு ரூபாவுக்கா, நங்கி?"
அரைத்தூக்கத்தில் இருந்தவர்களும்
திரும்பிப் பார்த்தார்கள்.
ஓம் என்றேன்.

அவன் பையைக் கிளறுகிறான்.
சவோய் போகிறது,
அடுத்த ஹோல்ட் போகிறது,
என் ஹோல்டில் மணி அடிக்கிறது யாரோ.
நீட்டிய கையோடு
நான் நிற்கிறேன்.